பரல் நிலத்தில் தொங்கோட்டம்

ஓட்டம் என்றவுடன் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றுவது சுண்ணாம்புக் கோடுகள் இட்ட விளையாட்டுத் திடலாகும். 400 மீட்டர் வட்டம், சமன்செய்த தரை, கையில் கடிகாரத்துடன் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர் ஆகிய இவையே ஓட்டத்தின் இலக்கணம் என நாம் கருதிவிட்டோம். ஆனால் திடலுக்கும் சாலைக்கும் அப்பால், கல்லும் முள்ளும் செறிந்த வறண்ட நிலத்தில், இயற்கை செதுக்கிய பாறைகளுக்கு ஊடே, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருமாறு சுற்றி ஓடும் ஓட்டமொன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனை 'டிரெயில் ரன்னிங்' என்று வழங்குவர். கரடு என்பது கற்கள் நிறைந்த சிறு குன்றையும் மேட்டு நிலத்தையும் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். ஆதலின் இதனை நாம் 'கரட்டுவழி ஓட்டம்' எனலாம்.

இவ்வோட்டத்திற்குக் கால்வலிமை மட்டும் போதாது, வழியறிவும் வேண்டும். அவ்வழியறிவோ தமிழுக்குப் புதியதன்று. பாலை நிலத்துச் செலவையும் மலைவழிச் செலவையும் நுணுகிப் பாடிய மொழி நம்முடையது. புதுவாயலில் கொல்கத்தா நெடுஞ்சாலையின் சரக்குந்து இரைச்சலுக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கும் இடையே கற்கும் நம் மாணவர், மேற்கே சில மணிநேரப் பயணத்தில் அத்தகைய நிலமொன்று உண்டென்பதையும் அறிய வேண்டும். அது குறித்தே இக்கட்டுரை அமைகிறது.

கரட்டுவழி ஓட்டம் யாது?

இயற்கை நிலத்தில், பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையில் ஓடுவதே கரட்டுவழி ஓட்டம். இத்துறையின் அனைத்துலகச் சங்கம் வகுத்த வரையறைப்படி, ஓடுபாதையில் தார் இட்ட அல்லது தளமிட்ட பகுதி 20 விழுக்காட்டிற்கு மேற்படுதல் கூடாது. 2015ஆம் ஆண்டில் உலகத் தடகளப் பேரமைப்பு இதனைத் தடகளத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஏற்றமும் இறக்கமும் மணலும் பாறையும் இடத்திற்கு இடம் வேறுபடுவதால், ஒரு பாதையில் ஓடிய நேரத்தை மற்றொரு பாதையின் நேரத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது மொராக்கோ நாட்டுச் சகாராப் பாலைவனத்தில் நடைபெறும் 'மாரத்தான் தே சாபிள்' ஆகும். 'மணல்களின் மாரத்தான்' என்பது இப்பெயரின் பொருள். பிரெஞ்சு நாட்டவரான பாட்ரிக் பவுர் என்பவர் 1984இல் தனியராய்ச் சகாராவில் பல நாள் நடந்தார். அவ்வனுபவத்தின் பயனாக 1986இல் அவர் இப்போட்டியைத் தொடங்கினார். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவைப் பல நாள்களில் கடக்கும் ஓட்டவீரர்கள், தங்கள் உணவையும் படுக்கையையும் தாமே சுமக்க வேண்டும்.

பாதை சுற்றாக அமைவதில் ஒரு நுட்பம் உண்டு. சென்ற வழியே திரும்பும் பாதையில், களைத்தவன் எவ்விடத்திலும் திரும்பிவிடலாம். வந்த வழி அவனுக்குத் தெரிந்ததே. சுற்றுப்பாதையிலோ நடுப்புள்ளியை அடைந்தவுடன் முன்செல்வதும் பின்செல்வதும் ஒரே தொலைவுதான். முன்னுள்ள பாதியோ அறியாத நிலம். எனவே திரும்புவதா தொடர்வதா என்னும் முடிவை நடுப்புள்ளிக்கு முன்னரே எடுத்தாக வேண்டும். இதனை உணராது, 'இன்னும் சிறிது தொலைவுதான்' என்று சென்றவர்களே பெரும்பாலும் துன்புறுகின்றனர்.

தமிழர் கண்ட பாலை

'தமிழகத்தில் பாலைவனம் ஏது?' என மாணவர் வினவலாம். தமிழ் மரபில் பாலை என்பது நிலையான தனிநிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து, நல்லியல்பு இழந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தொல்காப்பியர் அதற்கு வேனிற் பருவத்தையும் நண்பகலையும் உரிய காலமாக வகுத்தார். அஃதாவது, கார்காலத்தில் பசுமையாய் இருந்த அதே காடு, கோடையின் உச்சிவேளையில் பாலையாகிவிடும். மழையளவைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்தும் இன்றைய புவியியலுக்கு இவ்விளக்கம் மாறுபட்டது. எனினும் நிலத்தில் நடப்பவனுக்கு இதுவே மிகுதியும் பயன்படும். காலையில் இனிதாய் இருந்த பாதை நண்பகலில் உயிர்குடிக்கும் என்பதை அது நினைவூட்டுகிறது.

இந்நிலத்திற்கு நம் முன்னோர் வழங்கிய சொற்களை எண்ணிப் பார்த்தல் தகும். வறண்ட நிலத்து அரிய வழி 'சுரம்', பொதுவான வழி 'அதர்', வழியில் சிதறிக் கிடக்கும் சிறு கல் 'பரல்', பரல் நிறைந்த வன்மேடு 'முரம்பு', உருண்டு திரண்ட பெருங்கல் 'துறுகல்', பாறைப் பிளவு 'விடர்', குகை 'முழை', மலைப்பக்கம் 'அடுக்கம்', வெயிலில் நீர்போல் தோன்றி ஏமாற்றும் கானல் 'பேய்த்தேர்'. காலில் உறுத்துவது பரலா, வழுக்குவது முரம்பா, ஒதுங்கத்தக்கது விடரா முழையா என்று வேறுபடுத்தி அறிந்தவர் படைத்த சொற்கள் இவை.

நம் அண்மையில் ஒரு பாறை நிலம்

புதுவாயலுக்கு மேற்கே, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் பூண்டி நீர்த்தேக்கத்தை அடையலாம். கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் அமைக்கப்பட்ட இந்நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் குடிநீர்க் களஞ்சியங்களுள் ஒன்று. அதற்கு அப்பால், அல்லிக்குழி மலைத்தொடரின் புதர்க்காட்டினுள் குடியம் குகைகள் உள்ளன.

இவை கையால் குடைந்த குகைகள் அல்ல. இயற்கை அரித்துத் தந்த பாறை ஒதுக்கிடங்கள். இங்குள்ள பாறையின் அமைப்பு வியப்பிற்குரியது. ஆற்றுநீரில் உருண்டு மழமழப்பான கற்கள் ஆயிரமாயிரமாய் ஒன்றாக இறுகிப் பாறையாகியுள்ளன. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் நாம் காணும் கருங்கல் குன்றுகளினின்றும் இது வேறானது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கு நீர் புரண்டோடியதற்கு இக்கற்களே சான்று. மழையும் காற்றும் பாறையைத் தின்னத் தின்ன, உள்ளிருந்த கற்கள் கழன்று வழியெங்கும் பரலாய்ச் சிதறுகின்றன. கடினமான தரையின்மேல் உருண்டைக் கற்கள் கிடந்தால், அவை காலடியில் கோலிக்குண்டுபோல் உருளும். இப்பாதையில் கால் பிசகுவதற்கு இதுவே காரணம்.

இதே கற்களே ஆதிமனிதனுக்குக் கருவிகளாயின. 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் முதற் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், அவ்வாண்டிலேயே பூண்டிக்கு அண்மையிலுள்ள அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அவ்வூரில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் நடத்திய அகழாய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று; அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என அது காட்டிற்று. குடியம் ஒதுக்கிடங்களிலும் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்துள்ளது. பூண்டியில் 1985ஆம் ஆண்டு முதல் இயங்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் இக்கருவிகளைக் காணலாம்.

மனித உடலே நெடுந்தொலைவு ஓடுவதற்கேற்ப உருவானது என்னும் கருத்தும் உண்டு. டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மன் ஆகிய இருவரும் 2004இல் 'நேச்சர்' இதழில் இதனை விரிவாக முன்வைத்தனர். குதிகால் நரம்பின் மீள்தன்மை, தலையை நிலைநிறுத்தும் பிடரித் தசைநார், உடலெங்கும் வியர்க்கும் ஆற்றல் ஆகியவற்றை அவர்கள் சான்றாகக் காட்டினர். விரைவில் மனிதனை வெல்லும் விலங்குகள் பல. வெயிலில் நெடுநேரம் ஓடுவதில் அவனுக்கு நிகரானவை சிலவே.

தொங்கோட்டம் என்னும் நடுநடை

இனி, இத்தகைய நிலத்தில் ஓடும் முறையை நோக்குவோம். தமிழில் நடைக்கும் விரைந்த ஓட்டத்திற்கும் இடைப்பட்ட மெல்லோட்டத்தைத் 'தொங்கோட்டம்' என்பர். இச்சொல்லை இன்றும் வாழவைத்திருப்பது முஸ்லிம் தமிழ் வழக்கே எனலாம். ஹஜ், உம்ரா கடமைகளில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை செல்லும் 'ஸயீ' என்னும் வணக்கத்தைத் தொங்கோட்டம் என்றே நம் முன்னோர் தமிழாக்கினர். பாலைநிலத்தில் பச்சிளங் குழந்தைக்கு நீர்தேடி அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் அவ்விரு குன்றுகளுக்கிடையே விரைந்தது அதன் வரலாற்று அடிப்படை. அவர்கள் பாறைமீது ஏறி நின்று நாற்புறமும் நோக்கினார்கள். பள்ளத்தாக்கின் அடியில் விரைந்தார்கள். மீண்டும் ஏறி நோக்கினார்கள் என வரலாறு கூறுகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நின்று நோக்குதலும் விரைய வேண்டிய இடத்தில் விரைதலும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

கரட்டுவழியில் ஓடுபவர் அடிகளைக் குறுக்கி வைக்க வேண்டும். நீண்ட அடி வைத்தால் உடலின் எடை முழுதும் முன்சென்ற காலின்மேல் விழும்; அங்கே கல் உருண்டால் மீள முடியாது. குறுகிய அடியில் எடை இரு கால்களுக்கும் நடுவே நிற்பதால், ஒரு கால் வழுக்கினாலும் மறுகால் தாங்கும். முழங்காலைச் சற்றே மடக்கிய நிலையில் வைத்தலும் கைகளை அகற்றிச் சமநிலை காத்தலும் இறக்கத்தில் இன்றியமையாதவை. செங்குத்தான ஏற்றத்தில் தேர்ந்த வீரர்களும் ஓடுவதில்லை, நடக்கின்றனர். அது அவர்களுக்கு இழுக்கன்று.

கண்ணை எங்கே வைப்பது என்பதே இதில் கடினமான பாடம். காலடியையே பார்ப்பவன் வழியைத் தவறவிடுவான். தொலைவையே பார்ப்பவன் தடுக்கி விழுவான். நான்கைந்து அடி முன்னே பார்த்து, அடுத்தடுத்த அடிகளுக்குரிய இடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். நம் துறை மாணவருடன் குடியம் பாதையில் நடந்தபொழுது, பாறையின் உச்சியை வியந்தவாறே சென்ற மாணவர் ஒருவர் தடுமாறினார். அவ்வழியே ஆடு ஓட்டிவந்த முதியவர், "நடக்கும்போது கீழ பாரு தம்பி, மேல பாக்கணும்னா நின்னு பாரு" என்றார். பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரு தொடரில் சொல்லிவிட்டார்.

வெப்பத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். ஓடும் உடலில் தசைகள் எழுப்பும் வெப்பத்தை வியர்வை ஆவியாகித் தணிக்கிறது. நம் பகுதி கடலை அடுத்தது. காற்றில் ஈரம் மிகுதி. ஆதலின் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது, உடல் குளிர்வதில்லை. உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்க, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அவரை உடனே நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். 108 ஊர்திக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். நீரைச் சிறிது சிறிதாகப் பருகுதலே முறை. உப்பின்றி வெறும் நீரை அளவிறந்து குடித்தலும் இரத்தத்தின் உப்புச்செறிவைக் குறைத்துத் தீங்கு செய்யும்.

கல்வனத்தில் நேர்ந்த துயரம்

வெம்மை ஒன்றே பாலையின் கொடுமை என எண்ணிவிடலாகாது. சீன நாட்டின் கான்சு மாநிலத்தில், மஞ்சளாற்றின் கரையில், வானளாவிய பாறைத் தூண்கள் நிறைந்த வறண்ட நிலம் ஒன்றுண்டு. 'மஞ்சளாற்றுக் கல்வனம்' என்பது அதன் பெயர். அங்கே 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர்க் கரட்டுவழி ஓட்டம் நடைபெற்றது. கலந்துகொண்டோர் 172 பேர். காலையில் புறப்பட்ட அவர்கள், ஊர்தி செல்ல இயலாத உயர்ந்த மலைப்பகுதியை நண்பகலை ஒட்டி அடைந்தபொழுது, கடுங்காற்றும் உறைமழையும் ஆலங்கட்டியும் தாக்கின. வெப்பம் திடீரெனக் குறைந்தது. காற்றுக்காப்பு மேலாடை கட்டாயப் பொருளாக வைக்கப்படாததால், பலர் மெல்லிய உடையிலேயே இருந்தனர். உடல் குளிர்ந்து 21 பேர் உயிரிழந்தனர். அந்நாட்டின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டவீரர் லியாங் ஜிங் அவர்களுள் ஒருவர். வலிமையின்மையால் அவர்கள் இறந்தனர் என்று கூறவியலாது. வழியின் இயல்பை முன்னுணர்ந்து ஏற்பாடு செய்யாத குறையே அவர்களை வீழ்த்தியது.

அத்துயரத்திலும் ஒளி தந்தவர் ஓர் ஆட்டிடையர். சூ கமிங் என்னும் அவர், மழைக்கு ஒதுங்குவதற்கெனக் குகையொன்றில் விறகும் உணவும் கம்பளியும் முன்னரே சேர்த்து வைத்திருந்தார். குளிரில் துவண்ட ஓட்டவீரர்களைத் தம் குகைக்கு அழைத்துச் சென்று, தீ மூட்டி ஆறு உயிர்களைக் காத்தார். அம்மலையின் வானம் நொடியில் மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு முன்னரும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1994ஆம் ஆண்டுச் சகாரா ஓட்டத்தில், மணற்புயலில் வழிதவறிய இத்தாலிய வீரர் மௌரோ புரோஸ்பெரி, இறைநேசர் ஒருவரின் ஆளரவமற்ற அடக்கத்தலத்தில் ஒதுங்கினார். பின்னர்ப் பல நாள் அலைந்து, எல்லை கடந்து அல்சீரிய நாட்டினுள் துவாரெக் மக்களால் காக்கப்பட்டார். ஆடு மேய்த்துப் பாலையில் வாழும் மக்கள் அவர்கள். இரு நிகழ்ச்சிகளிலும் உயிர் காத்தவர், அந்நிலத்தில் நாள்தோறும் கால்பதிப்பவரே என்பது எண்ணத்தக்கது.

மலைபடுகடாம் காட்டும் நெறி

நிலமறிந்தவர் அறியாதவர்க்கு வழிகூறுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தது தமிழ். அதுவே ஆற்றுப்படை. 'ஆறு' என்பதற்கு வழி என்பது பொருள். பரிசில் பெற்று வரும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞரை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் இறுதியாக அமைந்த மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தர் குழுவை ஆற்றுப்படுத்திப் பெருங்கௌசிகனார் பாடியது. அதில் மலைவழியின் இடர்கள் ஒவ்வொன்றாய்ச் சொல்லப்படுகின்றன. பன்றியைப் பிடிக்க வைத்த கற்பொறிகள் உள்ள இடம் எது, பாம்பு உறையும் குழிகள் எங்கே, பாசி படர்ந்து அடி வழுக்கும் இடத்தில் எந்தக் கோலைப் பற்றிக்கொண்டு கடப்பது என்றெல்லாம் புலவர் விளக்குகிறார்.

அவற்றுள் நம் கருத்தைக் கவர்வது ஒன்று. அறியாத நிலத்தில் வழிகள் பிரியுமிடத்தை அடைந்தால், அச்சந்தியைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். பின்வருவோர் வழி தவறலாகாது என்பதே கருத்து. இன்றைய கரட்டுவழி ஓட்டங்களில், கவர்வழிகளில் வண்ண நாடாக்களை மரக்கிளையில் கட்டி வைக்கின்றனர். நாடாவின் இடத்தில் அன்று புல் இருந்தது, நோக்கம் ஒன்றே.

வழி இரண்டாய்ப் பிரியும் இடத்திற்குச் சங்கச் சான்றோர் வழங்கிய பெயர் 'கவலை'. இன்று நாம் அச்சொல்லை மனத்துயருக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். நெடுஞ்சாலையில் பெயர்ப்பலகை பார்த்துச் செல்பவர்க்கு, வழி பிரியுமிடம் ஏன் கவலை எனப்பட்டது என்பது விளங்காது. குடியம் காட்டின் ஒற்றையடிப் பாதைகளில் ஒருமுறை நின்று பார்த்தவர்க்கு உரையாசிரியர் எவரும் அதனை விளக்க வேண்டுவதில்லை.

நாம் கொள்ள வேண்டுவன

ஆர்வம் கொண்ட மாணவர்க்குச் சில கூறுவோம். காப்புக்காட்டினுள் வனத்துறையின் இசைவின்றி நுழையலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறத்தல் இயலாது. அதன்பின் மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, வழிகாட்டியுடன் செல்லத்தக்க 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. காட்டுத்தீக் காலத்தில் இத்தகைய பாதைகள் மூடப்படுவது நம் நன்மைக்கே.

தனியே செல்லாதீர்; செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். முதலில் பாதை முழுவதையும் நடந்து பழகி, அதன்பின் தொங்கோட்டத்திற்கு வாருங்கள். வழியிற் கிடக்கும் கல் எதனையும் எடுத்து வராதீர். அது வெறுங்கல்லா, பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய கருவியா என்பதை அது கிடக்கும் இடத்தைக் கொண்டே ஆய்வாளர் துணிவர்; இடம்பெயர்ந்த கல் பேசாது.

தமிழ்த்துறைக்கு உரிய பணியொன்றும் இதில் உண்டு. திருவள்ளூர் மாவட்டக் கரடுகளில் ஆடுமாடு மேய்ப்போரும் இருளர் குடிமக்களும் கல்லுக்கும் மேட்டுக்கும் நீர்ச்சுனைக்கும் வழிக்கும் வழங்கும் சொற்களை நம் மாணவர் கேட்டுத் தொகுக்க வேண்டும். மேய்ச்சல் குறைந்து, இளையோர் தொழிற்சாலைப் பணிகளுக்குச் செல்லும் இக்காலத்தில் அச்சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. சொல் மறைந்தால் அச்சொல் உணர்த்திய எச்சரிக்கையும் மறையும். அதனை இழந்த நிலத்தில் கால்வைப்பவர் எத்துணை வலியவராயினும் இடர்ப்படுவர் என்பதற்குக் கல்வனமே சான்று. வழி சொல்வார் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக. பின்வருவோர்க்காக நாம் முடிந்து வைக்கும் புல் அதுவே.